கண்ணாடிக்குள் ஒரு கடல்



சிங்கப்பூரில் ரிவர் வேலி சாலையோரம் வேன் கிளீஃப் மீன் காட்சிச்சாலை என்று ஒன்று இருந்தது. உங்களில் மூத்தவர்கள் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். 1955-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு 1991 வரை நடந்துவந்த இடம் அது. சுவரில் சன்னல் வைத்தாற்போல் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, எட்டிப் பார்த்து, அடுத்ததற்கு நகர வேண்டும். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய அதிசயம்.

இன்று நிலைமை வேறு. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்திற்கு அருகே 2003-இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில் 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. நாம் நடந்துபோகத் தலைக்கு மேலே சுறா மீன் நீந்திப் போகிறது. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2012-இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில் ஒரே சன்னல் 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். மூன்று மாடி வீட்டளவு உயரமுள்ள நீல நீருக்கு முன்னால், பாய் விரித்தாற்போல் திருக்கைகள் பறந்து வருவதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேட்பார்கள். இவ்வளவு தண்ணீரை இந்தக் கண்ணாடி எப்படித் தாங்குகிறது? இந்தத் தண்ணீர் ஏன் நாற்றமெடுக்கவில்லை? அவ்வளவு பெரிய மீனுக்கு இந்த இடம் போதுமா? முதல் இரண்டு கேள்விகளுக்கும் மனிதன் விடை கண்டுவிட்டான். மூன்றாவதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. இன்றைய பேச்சில் இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தண்ணீரின் பாரம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள தொட்டியில் நீர் நிரப்பினால் அதன் எடை ஒரு டன். ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் சுமார் பத்து டன் அழுத்தம் இருக்கும்.

ஜப்பான் நாட்டின் தென்கோடியில் ஒக்கினாவா என்ற தீவு உள்ளது. அங்கே 2002 நவம்பரில் சுராவ்மி என்னும் காட்சிச்சாலையைத் திறந்தார்கள். அதன் பெருந்தொட்டியில் 75 லட்சம் லிட்டர் கடல் நீர் நிற்கிறது. தொட்டியின் முகப்புச் சன்னல் 22.5 மீட்டர் அகலமும் 8.2 மீட்டர் உயரமும் உடையது. அந்தச் சன்னலை உள்ளிருந்து தள்ளும் பாரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 700 டன்னுக்கு மேல் வருகிறது. பத்து டன் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எழுபதை ஒன்றாக நிறுத்தி ஒரு சுவரின் மேல் சாய்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சாதாரணக் கண்ணாடி தாங்குமா? தாங்கும்படி செய்யலாம்; ஆனால் கனம் கூடக் கூடக் கண்ணாடி பச்சை நிறம் காட்டும், மீன் தெளிவாகத் தெரியாது. ஆகவே நாம் கண்ணாடி என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்பது உண்மையில் கண்ணாடியே அல்ல. அது அக்ரிலிக் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். கடைப் பெயர்ப்பலகைகளில் பார்க்கிறோமே, பெர்ஸ்பெக்ஸ், அதே இனத்தைச் சேர்ந்தது. எடையில் கண்ணாடியில் பாதிதான். எவ்வளவு கனமாகச் செய்தாலும் தெளிவு குறையாது. பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதே பொருளையே பசையாக்கி ஒட்டிவிடுகிறார்கள். தகடும் பசையும் ஒரே பொருள் என்பதால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒக்கினாவாச் சன்னலின் கனம் 60 சென்டிமீட்டர். அதாவது இரண்டு அடி!

இப்படிச் செய்தாலும் விபத்தே நேராது என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு தங்கும் விடுதியின் நடுக்கூடத்தில் தூண் வடிவத்தில் ஒரு பெருந்தொட்டி இருந்தது. அதில் நின்ற நீர் பத்து லட்சம் லிட்டர். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் அது ஒரே நொடியில் வெடித்தது. கதவு, மேசை, நாற்காலி யாவற்றையும் வாரிக்கொண்டு நீர் தெருவுக்கு ஓடியது. ஏறக்குறைய 1,500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை இறந்துபோயின. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாதலால் இருவர் மட்டும் காயத்தோடு தப்பினர். பகல் வேளையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்குகிறது.

அடுத்தது தண்ணீரின் தூய்மை. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கடலோரத்தில் உள்ள காட்சிச்சாலைகள் குழாய் போட்டுக் கடல் நீரையே இறைத்துக்கொள்கின்றன. கடல் இல்லாத ஊரில் என்ன செய்வது? அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் கடலிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே 2005-இல், பெர்னி மார்க்கஸ் என்ற செல்வர் கொடுத்த 25 கோடி டாலரைக் கொண்டு ஒரு மாபெரும் காட்சிச்சாலையைக் கட்டினார்கள். அதன் பெரிய தொட்டி கொள்வது 2 கோடியே 40 லட்சம் லிட்டர். சாதாரணக் குழாய் நீரில் நூற்றுக்கணக்கான டன் உப்பைக் கலந்து அங்கேயே ஒரு கடலைச் செய்துகொண்டார்கள்.

நீரை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. மீன் மூச்சுவிடும்போதும் கழிவை வெளியேற்றும்போதும் நீரில் அமோனியா சேர்கிறது. பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அமோனியாவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. வாளியில் பால் உறைந்து போகாமலிருக்க விடும் மருந்து அதுதான். மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீரை வரவழைக்கும். அந்த அமோனியா நீரில் சிறிதளவு கூடினாலும் மீனுக்கு அது நஞ்சு.

கடலில் இதைப் பற்றிக் கவலையில்லை, நீர் அளவற்றது. தொட்டியிலோ வேறு வழி தேட வேண்டும். அந்த வழியைக் காட்டுவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகிறது. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. உர மூட்டைகளில் எழுதியிருக்கிறதே, அதே நைட்ரேட்தான். அது அமோனியா அளவுக்குக் கேடு செய்வதில்லை. இந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பதற்காகவே மணல் நிரப்பிய பெரிய வடிகட்டிகளைப் பின்புறத்தில் அமைத்திருக்கிறார்கள். புதிய தொட்டியில் உடனே மீன்களை விடுவதில்லை. இந்தச் சின்னஞ்சிறு வேலையாட்கள் பெருகும் வரை வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இதுவன்றி, நீருக்குள் காற்றைக் குமிழியாகச் செலுத்தி நுரை எழுப்பி, அந்த நுரையோடு அழுக்கையும் எடுத்துவிடும் எந்திரங்களும் உண்டு. நாம் பார்க்கும் நீல உலகத்துக்குப் பின்னால் பம்புகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

பாரத்துக்கும் அழுக்குக்கும் இவ்வாறு வழி கண்டாயிற்று. இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். அந்த மீனுக்கு இந்த இடம் போதுமா?

உலகத்து மீன்களிலெல்லாம் பெரியது திமிங்கிலச் சுறா. மலாய் மொழியில் ‘யூ பாவுஸ்’ என்பார்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகளோடு மெதுவாக நீந்தும் சாதுவான உயிர் அது. பெலாச்சான் செய்கிறோமே, அதைப் போன்ற சின்னக் கூனி இறாலையும் மீன் முட்டையையும் இன்னும் சிறிய உயிர்களையும் வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சி வடிகட்டி உண்ணும். 18 மீட்டர் வரை வளரக்கூடியது. அதாவது ஒரு பெரிய பஸ்ஸைவிட நீளம்.

ஒக்கினாவாவில் இதைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். 1995 மார்ச்சில் மீனவர் வலையில் அகப்பட்ட ஆண் சுறா ஒன்று அங்கே 25 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து சாதனை படைத்தது, 8.8 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. திமிங்கிலச் சுறா சில வேளைகளில் செங்குத்தாக நின்று இரை எடுக்கும். அதற்கு இடம் வேண்டும் என்றுதான் அந்தத் தொட்டியைப் பத்து மீட்டர் ஆழமாகக் கட்டினார்கள். அதே தொட்டியில் 2007-இல் ஒரு பெரிய கொம்புத் திருக்கை குட்டி ஈன்றது. மனிதன் பராமரிப்பில் அவ்வினம் ஈன்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. அது ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமக்கிறது என்பதை அப்போதுதான் நேரில் கணக்கிட முடிந்தது. இத்தகைய அறிவு கடலில் எளிதில் கிடைப்பதன்று. காட்சிச்சாலைகளை ஆதரிப்போர் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒக்கினாவாத் தொட்டியின் நீளம் 35 மீட்டர். 8.8 மீட்டர் மீனுக்கு அது நான்கு உடம்பு நீளம். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவரை 21 அடி நீளமுள்ள அறையில் ஆயுள் முழுவதும் இருக்கச் சொல்வதற்கு அது சமம். கடலில் அதே மீன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. 1,900 மீட்டர் ஆழம் வரையிலும் இறங்குகிறது. நம் தாப்பா மலையடிவாரத்திலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் உயரத்தைவிட அது அதிகம்.

அட்லாண்டாவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அங்கே 2005-இல் இரண்டு ஆண் சுறாக்களும் 2006-இல் இரண்டு பெண் சுறாக்களும் தைவானிலிருந்து சரக்கு விமானத்தில் வந்து சேர்ந்தன. அந்நாளில் தைவானில் இம்மீனைப் பிடித்து உண்பது வழக்கம். 2008-இல்தான் அங்கே முழுத் தடை வந்தது. ஆகவே, “நாங்கள் எடுத்து வராவிட்டால் இவை சந்தைக்கல்லவா போயிருக்கும்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. தொட்டியோ ஒக்கினாவாவைவிட மூன்று மடங்கு பெரியது. இருந்தும் ஆண் சுறாக்கள் இரண்டும் 2007-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டன. உடம்பில் ஒட்டும் பூச்சிகளை ஒழிக்க நீரில் கலந்த மருந்து அவற்றின் பசியைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. பெண் சுறாக்கள் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் இறந்தன. பெரிய தொட்டி மட்டும் போதாது, அந்த உயிரைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பதை இது காட்டியது.

வெள்ளைச் சுறாவின் கதை இன்னும் கடினமானது. அது இடைவிடாது நீந்தினால்தான் செவுளுக்குள் நீர் பாய்ந்து மூச்சு கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் அடையாளக் கருவி பொருத்திய ஒரு வெள்ளைச் சுறா, ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒன்பதே மாதத்துக்குள் திரும்பி வந்ததை 2003, 2004-ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். போக வர 20,000 கிலோமீட்டர்! இப்படித் திரியும் உயிருக்குத் தொட்டி எதற்காகும்? கலிபோர்னியாவின் மான்டரே காட்சிச்சாலையில் 2004-இல் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை 198 நாள் வைத்திருந்தார்கள். அதற்கு முன் எங்கும் அவ்வினம் அவ்வளவு காலம் தங்கியதில்லை. அதுவும் கூட இருந்த வேறு இரண்டு சுறாக்களைக் கடித்துக் கொன்ற பின் கடலில் விடப்பட்டது. 2016 ஜனவரியில் ஒக்கினாவாவில் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு வெள்ளைச் சுறாவைக் காட்சிக்கு வைத்தார்கள். அது இரையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

சுறா மீன் இனம். திமிங்கிலமும் டால்பினும் நம்மைப் போல் குட்டிக்குப் பால் கொடுக்கும் இனம். கூட்டமாக, குடும்பமாக வாழ்பவை. அவற்றைப் பிரித்தெடுத்தால் இன்னும் பெரிய தொல்லை. ‘கைக்கோ’ என்று ஒரு கொலைகாரத் திமிங்கிலம். 1979-இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டது. பல இடங்களில் வித்தை காட்டியது; 1993-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்திலும் நடித்தது. படத்தில் அது தடுப்பைத் தாண்டிக் கடலுக்குள் குதித்து விடுதலை பெறும். படம் பார்த்த பிள்ளைகள், “அப்படியானால் நிசமான கைக்கோவையும் விட்டுவிடுங்கள்” என்று கேட்டார்கள். பெரும் பணம் திரட்டி, 1998-இல் விமானத்தில் ஐஸ்லாந்துக்கே கொண்டுபோய்க் கடலில் பழக்கினார்கள். 2002-இல் அது தானாக நீந்தி நார்வே நாட்டுக் கரைக்குப் போயிற்று. போய் என்ன செய்தது? தன் இனத்தைத் தேடவில்லை; மனிதரைத் தேடியது. கரையோரம் விளையாடிய சிறுவர்களிடம் போய் நின்றது. 2003 டிசம்பரில் இறந்தது.

நேயர்களே, செம்பனை நர்சரியில் கரும்பிளாஸ்டிக் பைகளில் கன்று வளர்ப்பதை நீங்கள் அறிவீர்கள். பையில் இருக்கும்போது கன்று செழிப்பாகத்தான் இருக்கிறது. வேளைக்குத் தண்ணீர், அளவாக உரம், பன்றியும் எலியும் அண்டாத காவல். ஆனால் காலம் கடந்தும் அதை எடுத்து நடாவிட்டால் வேர் போக இடமின்றிப் பையையே சுற்றிச் சுற்றி வளைந்துகொள்கிறது. பிறகு நல்ல நிலத்தில் நட்டாலும் அது எளிதில் தேறுவதில்லை. கைக்கோவுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான்.

இவற்றையெல்லாம் பார்த்து மக்களின் எண்ணமும் மாறி வருகிறது. செந்தோசாக் காட்சிச்சாலையிலும் திமிங்கிலச் சுறாவை வைக்கத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் வேண்டாம் என்று எழுதினார்கள், பேசினார்கள். 2009-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் நடக்கும் அந்த இடத்தில் திமிங்கிலச் சுறா இல்லை. அதனால் பார்க்கப் போவோர் கூட்டம் குறைந்துவிடவும் இல்லை. இந்திய அரசு 2013-இல் டால்பின் காட்சிச்சாலைகளுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. கனடா நாட்டில் 2019-இல் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் புதிதாகப் பிடித்து அடைத்து வைப்பதைச் சட்டம் தடுத்தது.

அப்படியானால் மீன் காட்சிச்சாலைக்கே போக வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. சிறிய பவள மீன், கடற்குதிரை, பாறை இடுக்கில் ஒரே இடத்தில் வாழும் உயிர்கள் ஆகியவற்றுக்கு நல்ல தொட்டி போதுமானது. கடலை ஒரு நாளும் உள்ளிருந்து பார்க்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, நுழைவுச்சீட்டு வாங்கி, ஒரு குடும்பம் போய்வர ஆகும் செலவு கொஞ்சமல்ல. அந்தப் பணத்துக்குரிய பயனை முழுதும் பெற்று வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

போகும்போது பிள்ளைகளிடம் சிலவற்றைச் சொல்லி வையுங்கள். தொட்டியைத் தட்டக்கூடாது, அந்த ஓசை நீரில் பரவி மீனை மிரட்டும். கண் கூசும் விளக்கோடு படம் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு மீனையும் பார்த்து, இது கடலில் எவ்வளவு தூரம் போகும், என்ன உண்ணும், இங்கே எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கு வேலை செய்பவர்களிடமே கேட்கட்டும். நல்ல காட்சிச்சாலையில் இதற்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திமிங்கிலச் சுறாவைக் காண நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. நம் நாட்டைச் சூழ்ந்த கடலிலும் அது வந்து போகிறது. 1999-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்ட விதிகளின்படி மலேசியக் கடலில் அது பாதுகாக்கப்பட்ட மீன், பிடிப்பது குற்றம். வாயைத் திறந்து வடிகட்டி உண்ணும் உயிர் என்று முன்பே சொன்னேன் அல்லவா? நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையும் அந்த வாய்க்குள்தான் போகும். நம் தோட்டத்துக் கால்வாயில் இன்று எறியும் பை, மழை பெய்தால் ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கடலுக்கும் போய்ச் சேருகிறது. கடலைப் பார்த்திராத பிள்ளையும் கடலுக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டென்றால், அந்தப் பையைக் கால்வாயில் போடாமல் இருப்பதுதான்.